ஏரிகளைக் கடலோடு இணைத்த டெவிட் கிளின்டன்

1824-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு கலைவதற்குச் சற்று முன்பாக, அவசர அவசரமாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மாநிலக் கால்வாய் ஆணையத்திலிருந்து டெவிட் கிளின்டன் நீக்கப்படுகிறார் என்பதே அந்தத் தீர்மானம்.

அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 1810 முதல் 14 ஆண்டுகள் அந்த ஆணையத்தில் அவர் ஊதியம் பெறாமல் பணியாற்றி வந்தார். அவர் முன்னின்று தொடங்கிய ஈரி கால்வாயின் பெரும்பகுதி அப்போது வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய வேலை முடிந்து கால்வாய் திறக்கப்படும் நாளில் அதன் பெருமை அவரைச் சேர்ந்துவிடக் கூடாது என்று அரசியல் எதிராளிகள் கருதியதே நீக்கத்துக்குக் காரணம்.

எதிராளிகளின் கணக்கு தவறிப்போனது. ஆனால் அந்த ஒரு நாள் நிகழ்வில் கிளின்டனின் வாழ்க்கையும், நியூயார்க் மாநிலம் அமெரிக்காவின் முதன்மை வணிகப் பிரதேசமாக வளர்ந்த வரலாறும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன என்பது தெரிகிறது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனுக்கும் இவருக்கும் உறவு ஏதும் இல்லை.

அரசியல் குடும்பத்தின் வாரிசு

டெவிட் கிளின்டன் 1769-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லிட்டில் பிரிட்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கிளின்டன், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் படைத் தளபதியாக இருந்தவர். தந்தையின் சகோதரர் ஜார்ஜ் கிளின்டன், நியூயார்க் மாநிலத்தின் முதல் ஆளுநர். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபராகவும் பதவி வகித்தவர்.

நியூயார்க் நகரின் கொலம்பியா கல்லூரியில் 1786-இல் பட்டம் பெற்ற கிளின்டன், சட்டம் பயின்று, ஆளுநராக இருந்த சிறியதந்தையாரின் செயலாளராகப் பொதுவாழ்வில் நுழைந்தார். மாநிலச் சட்டமன்றம், அமெரிக்க செனட் சபை என்று விரைவாக உயர்ந்தார். 1803 முதல் 1815 வரையான காலகட்டத்தில், இடையிடையே சில இடைவெளிகளுடன், நியூயார்க் நகரின் மேயராக இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அளிப்பதற்காக 1805-இல் தொடங்கப்பட்ட சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். தாவரவியல், நிலவியல், மீன்கள் பற்றிய ஆய்வு ஆகியவற்றிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

எனினும் அவர் எல்லோராலும் விரும்பப்பட்ட மனிதர் அல்லர். கர்வம் மிக்கவர், எதிர்த்துப் பேசுவோரை மன்னிக்காதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. மாநில அரசுப் பதவிகளுக்கு ஆட்களை நியமிக்கும் குழுவில் 1801-இல் அவர் இடம்பெற்றபோது, எதிர்க்கட்சியினரை நீக்கிவிட்டுத் தமது ஆதரவாளர்களை அமர்த்துவதில் முனைப்புக் காட்டினார். வெற்றி பெற்ற கட்சி அரசுப் பதவிகளைத் தன்னவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவராக வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். 1824-இல் அவர் மீது பாய்ந்த ஆயுதம் ஒருவகையில் அவரே கூர்தீட்டியதுதான்.

மலைத்தொடரில் ஒரு வாசல்

அந்நாளில் அமெரிக்காவின் பெரும் சிக்கல் போக்குவரத்து. மக்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டியே வாழ்ந்தனர். மேற்கே பேரேரிகளைச் சுற்றி வளமான நிலம் பரந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்ட சுவராக நின்றது.

ஈரி ஏரிக்கரையில் உள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கைக் கொண்டுவர ஏறத்தாழ 100 டாலர் செலவானது. மூன்று வாரங்கள் வரை பிடித்தது. கோதுமை போன்ற மலிவான பொருளுக்கு, விலையைக் காட்டிலும் வண்டிக்கூலி அதிகமாகிவிடும். ஆகவே உள்நாட்டு உழவர்கள் தானியத்தைச் சாராயமாகக் காய்ச்சியும், மரங்களை எரித்துக் கிடைத்த சாம்பலிலிருந்து காரம் எடுத்தும், எடை குறைந்த பொருட்களாக மாற்றியே விற்க வேண்டியிருந்தது. மேற்குப் பகுதியின் விளைபொருட்கள் செயின்ட் லாரன்ஸ் நதி வழியாக பிரிட்டிஷாரின் மான்ட்ரியாலுக்கோ, மிசிசிப்பி நதி வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கோ போய்விடும் என்ற அச்சம் நியூயார்க் வணிகர்களிடையே இருந்தது.

நியூயார்க் மாநிலத்துக்கு இயற்கை ஒரு வாய்ப்பைத் தந்திருந்தது. ஹட்சன் நதியில் ஆல்பனி நகர் வரை பெரிய படகுகள் செல்ல முடியும். ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு 1807-இல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்குச் சென்று திரும்பியது. அங்கிருந்து மேற்கே, மோஹாக் நதி மலைத்தொடரை அறுத்துக்கொண்டு ஒரு தாழ்வான பள்ளத்தாக்கை உருவாக்கியிருந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் மலைகளைக் கடக்க இவ்வளவு சமதளமான வழி வேறு இல்லை.

இந்த வழியில் கால்வாய் வெட்டலாம் என்ற யோசனை கிளின்டனுக்குச் சொந்தமானதல்ல. மாவு வணிகத்தில் நொடித்து, கடனுக்காகச் சிறையில் இருந்த ஜெஸ்ஸி ஹாலி என்பவர், 1807-1808-இல் புனைபெயரில் எழுதிய 14 கட்டுரைகளில் இத்திட்டத்தை விரிவாக விளக்கினார். 1808-இல் மாநிலச் சட்டமன்றத்தின் ஏற்பாட்டில் ஜேம்ஸ் கெடிஸ் வழித்தடத்தை அளந்து, கால்வாய் சாத்தியமே என்று அறிக்கை அளித்தார். அப்போது அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், இது நூறாண்டுகள் கழித்து யோசிக்க வேண்டிய திட்டம் என்று கூறி உதவ மறுத்தார்.

1810-இல் ஆணைய உறுப்பினராக நியமிக்கப்பட்ட கிளின்டன், அந்தக் கோடையில் மாநிலத்தின் மேற்குப் பகுதி முழுவதும் பயணம் செய்து வழித்தடத்தை நேரில் கண்டார். அதன் பிறகு இத்திட்டமே அவரது வாழ்வின் முதன்மைப் பணியாயிற்று.

மத்திய அரசு மறுத்தது, மாநிலம் கடன் வாங்கியது

1812-இல் பிரிட்டனுடன் மீண்டும் போர் மூண்டதால் திட்டம் முடங்கியது. அதே ஆண்டு அதிபர் தேர்தலில் ஜேம்ஸ் மேடிசனை எதிர்த்துப் போட்டியிட்ட கிளின்டன், 89-க்கு 128 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் தோற்றார். 1815-இல் மேயர் பதவியும் பறிபோனது. அவரது அரசியல் வாழ்வு முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணினர்.

கால்வாய்தான் அவரை மீட்டது. 1815 டிசம்பர் இறுதியில் நியூயார்க் நகரில் கூடிய ஆதரவாளர்கள், சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப முடிவு செய்தனர். கிளின்டன் எழுதிய அந்த விண்ணப்பம் செலவு, வருவாய், வழித்தடம் அனைத்தையும் கணக்கிட்டுக் காட்டியது. மாநிலம் முழுவதும் கூட்டங்கள் நடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாகக் கையொப்பமிட்டதாகக் கூறப்படுகிறது.

சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் மத்திய அரசு நிதி அளிக்க வகைசெய்யும் மசோதாவை 1817 மார்ச் 3-ஆம் தேதி, தமது பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாளில், அதிபர் மேடிசன் நிராகரித்தார். அரசமைப்புச் சட்டம் அத்தகைய அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கவில்லை என்பது அவரது நிலைப்பாடு. இதன் பின்னர் நியூயார்க் மாநிலம் தன் சொந்தக் கடனில் கால்வாயை வெட்டுவது என்று முடிவெடுத்தது. ஏப்ரல் 15-ஆம் தேதி அதற்கான சட்டம் நிறைவேறியது. கால்வாயால் பிற்காலத்தில் பெரும்பயன் அடைந்த நியூயார்க் நகரின் பிரதிநிதிகளோ அதை எதிர்த்து வாக்களித்தனர். தொலைதூரத்துப் பள்ளம் ஒன்றுக்காகத் தங்கள் நகரம் வரி செலுத்த நேரிடும் என்பது அவர்களது கவலை.

நிதி திரட்டிய முறை கவனிக்கத்தக்கது. மாநிலம் கடன் பத்திரங்களை வெளியிட்டது. ஆனந்தாகா பகுதியில் விளைந்த உப்பின் மீதான வரி, ஏல விற்பனைத் தீர்வை, கால்வாய்ச் சுங்கம் ஆகியவை கடனுக்கு ஈடாக ஒதுக்கப்பட்டன. தொடக்கத்தில் உள்ளூர்ச் சிறு சேமிப்பாளர்களின் பணம் வந்தது. கால்வாயின் முதல் பகுதிகள் இயங்கத் தொடங்கியதும் லண்டன் முதலீட்டாளர்களும் பத்திரங்களை வாங்கினர்.

1817 ஜூலை 1-ஆம் தேதி கிளின்டன் ஆளுநராகப் பொறுப்பேற்றார். மூன்றே நாட்களில், அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4-ஆம் தேதி, ரோம் என்ற சிற்றூரில் முதல் மண் வெட்டப்பட்டது. ஒரு முனையிலிருந்து தொடங்காமல் மாநிலத்தின் நடுப்பகுதியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அங்கே நிலம் சமதளம், வேலை எளிது. விரைவில் ஒரு பகுதியை முடித்துப் படகு விட்டுக் காட்டினால் எதிர்ப்பு அடங்கும், சுங்க வருவாயும் வரத் தொடங்கும். 1819-இல் ரோமுக்கும் யுட்டிகாவுக்கும் இடையே முதல் படகு சென்றபோது அந்தக் கணிப்பு பலித்தது.

வெட்டியவர்களும் இழந்தவர்களும்

கால்வாயின் நீளம் 363 மைல். அகலம் 40 அடி, ஆழம் 4 அடி. ஹட்சன் நதிக்கும் ஈரி ஏரிக்கும் இடையே 500 அடிக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு இருந்தது. கதவுகளுக்கு இடையே நீரை நிரப்பியும் வடித்தும் படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் 83 கட்டப்பட்டன. ஆறுகளைக் கடக்க 18 தொட்டிப் பாலங்கள் எழுப்பப்பட்டன. ராச்செஸ்டரில் ஜெனசீ நதிக்கு மேலே அமைந்த பாலம் 800 அடி நீளமுடையது.

அன்று அமெரிக்காவில் கட்டுமானப் பொறியியல் கல்லூரிகூடப் பெயரளவில்தான் இருந்தது. தலைமைப் பொறுப்பேற்ற பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெடிஸ் இருவரும் நில அளவை அறிந்தவர்கள், நீதிபதிகளாக இருந்தவர்கள். வேலை செய்தே அவர்கள் பொறியாளர்கள் ஆனார்கள். இளைஞரான கன்வாஸ் ஒயிட், பிரிட்டன் சென்று அங்குள்ள கால்வாய்களை நடந்தே பார்த்து வந்தார். நீருக்குள்ளும் இறுகும் சுண்ணக்காரையை நியூயார்க்கிலேயே கிடைத்த கல்லிலிருந்து தயாரிக்க வழிகண்டவர் அவரே. அது இல்லாவிடில் அத்தனை நீர்ப்பூட்டுகளையும் கட்டுவது பெருஞ்செலவாகியிருக்கும்.

மண்வெட்டி, கலப்பை, மாடு, குதிரை, வெடிமருந்து ஆகியவையே கருவிகள். வேலை சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒப்பந்தக்காரர்களுக்கு விடப்பட்டது. தொடக்கத்தில் அவ்வட்டார உழவர்களும் கூலிகளும் அதிகமாக இருந்தனர். பின்னர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களின் எண்ணிக்கை பெருகியது. மான்டசூமா சதுப்பு நிலத்தில் 1819-இல் ஏராளமானோர் காய்ச்சலில் விழுந்தனர். லாக்போர்ட்டில் பாறையைப் பிளக்க வெடிமருந்து வைத்தபோது பலர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கால்வாய் சென்ற நிலம் ஆளற்ற நிலமும் அல்ல. ஓனைடா, ஆனந்தாகா, கயூகா, செனகா உள்ளிட்ட பழங்குடிகளின் கூட்டமைப்பான ஹோடெனோசோனி மக்களின் தாயகம் அது. 1779-இல் அவர்களது ஊர்களையும் பயிர்களையும் எரித்தழித்த அமெரிக்கப் படையெடுப்பில் கிளின்டனின் தந்தையும் ஒரு தளபதி. போருக்குப் பின் அடுத்தடுத்து வந்த ஒப்பந்தங்கள் அந்த மக்களைச் சிறு ஒதுக்கிடங்களுக்குள் அடைத்தன. கிளின்டன் அவர்களது வரலாற்றை ஆர்வத்துடன் ஆராய்ந்தவர். 1811-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் அவர்களைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். அவர்கள் அழிந்துபோவது தவிர்க்க முடியாதது என்றே அவர் கருதினார். அவர்கள் அழியவில்லை. ஆனால் கால்வாய் கொண்டுவந்த குடியேற்றமும் நில விலையேற்றமும் அவர்களது எஞ்சிய நிலங்களின் மீதான நெருக்குதலை மேலும் கூட்டின.

நீக்கமும் திரும்பி வருதலும்

ஆல்பனி அரசியலில் கிளின்டனின் முக்கிய எதிராளி மார்ட்டின் வான் பியூரன். பின்னாளில் அமெரிக்க அதிபரான இவர், கட்டுக்கோப்பான கட்சி அமைப்பைக் கட்டி எழுப்புவதில் வல்லவர். கால்வாயை வான் பியூரன் எதிர்க்கவில்லை; 1817-இல் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார். ஆனால் கால்வாய் ஆணையத்தின் பதவிகளும் ஒப்பந்தங்களும் கிளின்டனின் செல்வாக்கை வளர்ப்பதை அவரது அணி விரும்பவில்லை. கால்வாயை ஏளனம் செய்தவர்கள் அதற்குக் கிளின்டனின் பள்ளம் என்று பெயர் சூட்டியிருந்தனர்.

1820 தேர்தலில் கிளின்டன் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1822-இல் தோல்வி உறுதி என்ற நிலையில் போட்டியிடாமல் விலகினார். எஞ்சியிருந்த ஒரே பொறுப்பு, ஊதியமில்லாத ஆணையப் பதவி. 1824 ஏப்ரலில் அதுவும் பறிக்கப்பட்டது.

செய்தி பரவியதும் மாநிலமெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. கிளின்டனை விரும்பாதவர்களும் இதை நன்றிகெட்ட செயலாகக் கருதினர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் 16,000-க்கும் அதிகமான வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். அவரை ஒழிக்க எடுத்த நடவடிக்கையே கால்வாய் திறப்பு விழாவில் அவரை ஆளுநராக நிறுத்தியது.

1825 அக்டோபர் 26-ஆம் தேதி செனகா சீஃப் என்ற படகு பஃபலோவிலிருந்து புறப்பட்டது. வழிநெடுக நிறுத்தப்பட்ட பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அச்செய்தியை நியூயார்க் நகருக்கு எட்டச்செய்தன. நவம்பர் 4-ஆம் தேதி, ஈரி ஏரியின் நீரைக் கிளின்டன் அட்லாண்டிக் கடலில் ஊற்றினார். அந்தச் சடங்கில் கங்கை, சிந்து, நைல், தேம்ஸ் உள்ளிட்ட உலக நதிகளின் நீரும் கடலில் கலக்கப்பட்டது. உலக வாணிபம் இனி நியூயார்க் துறைமுகத்தை நாடி வரும் என்பது அதன் பொருள்.

மாறிப்போன மாநிலம்

கால்வாய்க்கு ஆன செலவு சுமார் 70 லட்சம் டாலர். சரக்குக் கூலி டன்னுக்கு 100 டாலரிலிருந்து சுமார் 10 டாலராகச் சரிந்தது. பயண நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கால்வாய்க்காக வாங்கிய முதல் கடன் 1837-க்குள் அடைக்கப்பட்டது. 1882-இல் சுங்கம் ஒழிக்கப்படும் வரை வசூலான மொத்தத் தொகை 12 கோடி டாலருக்கும் அதிகம்.

கரையோர ஊர்கள் நகரங்களாயின. 1820-இல் சுமார் 1,500 பேர் வாழ்ந்த ராச்செஸ்டரில் 1830-இல் 9,000-க்கும் அதிகமானோர் வசித்தனர். ஜெனசீ அருவியின் விசையில் இயங்கிய ஆலைகள் அந்நகரை மாவு அரைக்கும் தலைநகராக்கின. பஃபலோ தானியச் சந்தையானது. 1842-இல் அங்கே நீராவியால் இயங்கும் தானியத் தூக்கி முதன்முதலாக நிறுவப்பட்டது. நியூயார்க் நகரின் மக்கள்தொகை 1820-இல் சுமார் 1,24,000. 1860-இல் எட்டு லட்சத்தைத் தாண்டியது.

இந்த வளர்ச்சி முழுவதையும் கால்வாயின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆழமான இயற்கைத் துறைமுகம், 1818 முதல் லிவர்பூலுக்குக் குறித்த நாளில் புறப்பட்ட கப்பல்கள், தென் மாநிலங்களின் பருத்தி ஏற்றுமதியில் நியூயார்க் தரகர்கள் பெற்ற பிடி ஆகியவையும் காரணங்கள். ஆனால் உள்நாட்டின் விளைச்சலைத் துறைமுகத்தோடு இணைத்தது கால்வாய்தான்.

நியூயார்க்கின் வெற்றியைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கடன் வாங்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கின. 1825 ஜூலையில் ஓஹையோ மாநிலக் கால்வாயின் முதல் மண்ணை வெட்டியவரும் கிளின்டனே. ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் மோஹாக் பள்ளத்தாக்கு வாய்க்கவில்லை. பென்சில்வேனியா மலைமீது படகுகளைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. 1837-இல் ஏற்பட்ட நிதி நெருக்கடிக்குப் பின் பென்சில்வேனியா, இண்டியானா உள்ளிட்ட பல மாநிலங்கள் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் தவறின. கடன் வாங்கும் துணிவை மட்டும் பின்பற்றி, நிலத்தின் அமைப்பையும் வருவாயையும் கணக்கிடத் தவறியதன் விளைவு அது.

கால்வாயின் காலமும் நிலைக்கவில்லை. 1831-இல் ஆல்பனிக்கும் ஸ்கெனக்டடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1853-இல் பல சிறு நிறுவனங்கள் இணைந்து நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே உருவானது. அந்தத் தண்டவாளங்களும், 1950-களில் போடப்பட்ட விரைவு நெடுஞ்சாலையும் பெரும்பாலும் கால்வாயின் தடத்தை ஒட்டியே செல்கின்றன. 1918-இல் கால்வாய் விரிவாக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. எனினும் 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டு, பெருங்கப்பல்கள் நேராகப் பேரேரிகளுக்குள் நுழைந்தபோது, பஃபலோ தன் பழைய இடத்தை இழந்தது. இப்போது கால்வாயில் செல்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள். அதன் இருநூறாவது ஆண்டு 2025-இல் நினைவுகூரப்பட்டது.

கடனில் முடிந்த வாழ்க்கை

1828 பிப்ரவரி 11-ஆம் தேதி, ஆளுநர் பதவியில் இருக்கும்போதே, ஆல்பனியில் கிளின்டன் திடீரென்று காலமானார். அவருக்கு வயது 58. வான் பியூரனும் அவரது பொதுப்பணியைப் போற்றிப் பேசினார்.

கோடிக்கணக்கான டாலர் வருவாய்க்கு வழிவகுத்தவர் தமக்கென எதையும் சேர்த்து வைக்கவில்லை. கடன்காரர்களுக்காக அவரது உடைமைகள் விற்கப்பட்டன. குடும்பத்துக்குச் சொந்தமாகக் கல்லறை இல்லாததால், உடல் ஆல்பனியில் நண்பர் ஒருவரது குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது. 16 ஆண்டுகள் கழித்து, 1844-இல், அது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

கால்வாய் திறந்த பிறகு அவர் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகளும் சில மாதங்களும்தான். அன்று அவருக்கு எதிராக வாக்களித்த நகரம், அந்தக் கால்வாயால் வளர்ந்து, அவர் புதைக்கப்பட்ட புரூக்ளினையும் 1898-இல் தனக்குள் இணைத்துக்கொண்டது.